கரண்டியம்மா

படகை வாடகைக்கு எடுத்து விடுமுறையைக் கழிக்க வருகிறவர்களுக்குக் காற்று வேண்டும், வெயில் வேண்டும், கடலிலிருந்து பார்க்க ஒரு பழைய கோட்டை வேண்டும். இத்தனையும் கிடைத்தும் கேப்டன் சிடுமூஞ்சியாக அமைந்துவிட்டால் போச்சு, எல்லாம் பாழ். நம்ம கேப்டன் சிடுமூஞ்சி இல்லை. அந்தத் துறைமுக ஊரின் படகுத்துறையில் பாய்மர யாட்டுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஓட்டத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் படகைக் கையாலும் விருந்தாளிகளை வாயாலும் ஓட்டத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். பழைய வாடிக்கைக்காரர்கள், "அந்தச் சிரிக்க வைக்கிற கேப்டன் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் முன்பதிவே செய்வார்கள்.

இப்படி ஊரான் வீட்டுக் குடும்பங்களையெல்லாம் கடலில் சுற்றிக் காட்டுகிற மனிதர், சொந்த மனைவியை ஒரு தரமாவது கூட்டிப் போயிருக்க வேண்டாமா? போனதில்லை. அவளுக்கு ஆஸ்பத்திரி கேண்டீனில் சமையல் வேலை. கல்யாணமான புதிதில், "ஒரு நாள் உன்னைக் கூட்டிட்டுப் போயி, கடல்ல இருந்து நம்ம ஊரைக் காட்டுறேன்" என்று சொன்னவர்தான். கேட்கும்போதெல்லாம் இது சீசன் என்பார். சீசன் முடிந்தால் படகைக் கரையேற்றிப் பாசி சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறோம் என்பார். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

அப்புறம் கம்பெனிக்காரர்கள் போட்ட ஒரு விதி அவருக்கு வசதியாகப் போயிற்று. வேறொரு படகில் அதன் கேப்டனும் அவர் மனைவியும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். நடுக்கடலில் என்ன தகராறோ தெரியாது, அந்தம்மா விருந்தாளிகளுக்கு ஆக்கி வைத்திருந்த மொத்தச் சாப்பாட்டையும் சட்டியோடு தூக்கிக் கடலில் வீசிவிட்டார். மீன்களுக்கு விருந்து, வாடகை கொடுத்தவர்களுக்கு பிஸ்கட். அன்றைக்கே சட்டம் வந்துவிட்டது: எந்தப் படகிலும் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஏறக் கூடாது, மீறினால் வேலை கிடையாது. "நான் என்னம்மா பண்ணட்டும், சட்டம் அப்படி இருக்கு" என்று கேப்டன் கையை விரித்தார். முகத்தில் வருத்தம் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்துகூடக் காட்டினார்.

இந்த வருடம் அந்தச் சட்டத்தை அவரே மீற வேண்டி வந்தது. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், பல வருடமாக வருகிறவர், தன் மனைவியோடும் தம்பி குடும்பத்தோடும் மூன்று நாளைக்குப் படகைப் பேசியிருந்தார். வருகிற அன்றைக்குக் காலையில் படகுச் சமையல்காரர் படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மேனேஜர் போனவாரம்தான் பொறுப்பேற்ற புது ஆள். குதி குதியென்று குதித்தார். மத்தியானத்துக்குள் சமையலுக்கு ஆள் இல்லையென்றால் பயணம் ரத்து, பழி கேப்டன் தலையில். கேப்டன் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தார். சீசனில் யார் சும்மா இருப்பார்கள்? கடைசியில் ஆஸ்பத்திரி கேண்டீனின் பின்வாசலில் போய் நின்றார்.

"நானா? படகுலயா?" மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைக்கத் துடைக்க அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"ஆனா ஒண்ணு. நீ என் சம்சாரம்னு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா வேலை போயிரும்."

"அவ்வளவுதானே? வாங்க போங்க கேப்டன்னு கூப்பிடுறேன். வீட்டுல கூப்பிடாத மரியாதையை அங்கயாவது குடுக்குறேன்" என்று சிரித்தாள். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. லீவு சொல்லிவிட்டு, நல்ல புடவையாக ஒன்றை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கேப்டனுக்கும் அதுவரை மேனேஜர் பயம் மட்டும்தான். வேறொரு பயம் இருக்க வேண்டும் என்பது அவர் மண்டையில் உறைக்கவே இல்லை. ஜவுளிக்காரர் பெட்டிகளோடு படகுத்துறைக்கு வந்து சேர்ந்தார். வரும்போதே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"என்ன கேப்டன்! நம்ம கரண்டியம்மா எப்படி இருக்காங்க?"

கேப்டன் சட்டென்று திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் காய்கறிக் கூடையோடு மனைவி நின்றிருந்தாள்.

"நல்லா… நல்லா இருக்காங்க சார். ஏறுங்க, பாத்து ஏறுங்க" என்று அவசர அவசரமாக எல்லோரையும் படகுக்குள் தள்ளினார்.

உள்ளே போனதும் அவள் மெல்லக் கேட்டாள். "யாருங்க கரண்டியம்மா?"

"அது ஒரு பழைய வேடிக்கை. அப்புறம் சொல்றேன்."

எப்படிச் சொல்வார்? சொல்லக்கூடியதா அது? நாம்தான் சொல்லியாக வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், பட்டப்பகலில் திடீரென்று புயல் அடித்தது. கேப்டன் அப்போது கடலில் இருந்தார். ஒரு யாட் கவிழ்ந்துவிட்டது, ஆட்கள் போய்விட்டார்கள் என்று ஊருக்குள் பேச்சு பரவியது. கேண்டீனில் பரிமாறிக்கொண்டிருந்த மனைவியின் காதில் அது விழுந்ததும், அவள் கையிலிருந்த கரண்டியோடு அப்படியே ஓடினாள். செருப்புப் போடவில்லை. துறைமுகத்தின் கல்திட்டில் ஏறி, கொட்டுகிற மழையில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கவிழ்ந்தது வேறு படகு, அந்த ஆட்களும் பிழைத்துவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்த கதை. கேப்டன் கரையேறியபோது அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஒரு கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள், வீடு போய்ச் சேரும்வரை விடவில்லை. கரண்டி இன்னும் மறு கையில் இருந்தது அவளுக்கே தெரியாது.

அடுத்த சீசனில் ஒரு நாள் காற்று கொஞ்சம் பலமாக அடித்ததில் விருந்தாளிகள் வெலவெலத்துப் போனார்கள். அவர்கள் பயத்தைத் தெளிவிக்க என்ன செய்வதென்று தெரியாமல் கேப்டன் இந்தக் கதையை எடுத்தார். எடுத்தவர் உள்ளபடி சொல்லியிருக்கலாம். புயல், சாவு என்று பேசினால் இன்னும் பயப்படுவார்களே! அதனால் புயலைத் தூக்கிவிட்டார். படகில் அழகான பெண்கள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, புருஷனைச் சந்தேகப்பட்டு, கரண்டியோடு அடிக்க ஓடிவந்த பெண்டாட்டியாக அவளை மாற்றிவிட்டார். படகே அதிரச் சிரித்தார்கள். பயம் போன இடம் தெரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? ருசி கண்டுவிட்டார் மனிதர். ஒவ்வொரு சீசனிலும் கண், காது, மூக்கு வைத்து வளர்த்தார். கரண்டியம்மாவுக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம், படகைக் கண்டாலே வாந்தி, கரண்டியம்மா இருக்கிற பருமனுக்குக் கதவில் நுழைய மாட்டாள், கரண்டியம்மா புருஷன் சட்டையை மோந்து பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவாள். கதை சக்கைப்போடு போட்டது. ஒரு கட்டத்தில், மனைவியைப் படகுக்குக் கூட்டிவராததற்கு உண்மையான காரணமே இதுதான் என்று ஆகிவிட்டது. கூட்டிவந்தால் கதை செத்துப்போகும் அல்லவா? அதைக் கேப்டன் தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

துறைமுகத்தை விட்டு வெளியே வந்து பாயை ஏற்றியதும் படகு ஒருக்களித்துக்கொண்டு பாய்ந்தது. தம்பியின் மனைவி ஐந்தே நிமிடத்தில் வெளிறிய முகத்தோடு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். தம்பிக்கும் தலை சுற்றியது. நம்ம சமையல்காரம்மாவோ ஆடுகிற தரையில் பாதத்தை அகட்டி வைத்து, அடுப்பில் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவில் தம்பி மனைவிக்கு இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் கொண்டுபோய்க் கொடுத்து முதுகைத் தடவிவிட்டாள்.

"ஏம்மா, உனக்கு ஒண்ணும் பண்ணலையா?" என்று ஜவுளிக்காரர் மனைவி ஆச்சரியப்பட்டாள். பெரிய மனசுக்காரி, எல்லோரிடமும் உரிமையாகப் பேசுவாள்.

"இல்லீங்கம்மா, நல்லா இருக்கு. தொட்டில்ல இருக்குற மாதிரி இருக்கு."

கோட்டைச் சுவரை ஒட்டிப் படகு திரும்பியபோது அவள் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள். ஊர் முழுக்கக் கரையில் விரிந்து கிடந்தது. பழைய சுங்க மாளிகை, கலங்கரை விளக்கம், மேட்டில் அடுக்கடுக்காக வீடுகள். கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, சுக்கானைப் பிடித்திருந்தவரிடம் கிசுகிசுத்தாள். "என்னங்க, நம்ம மொட்டை மாடி தெரியுது பாருங்க! நான் காயப்போட்ட போர்வைகூடத் தெரியுது!" பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "கேப்டன்" என்று சேர்த்தாள்.

கேப்டனும் அந்த மாடியைப் பார்த்தார். இவ்வளவுதானா? இதைக் காட்டவா இத்தனை வருஷம் ஆச்சு? காசா பணமா, அரை மணி நேரக் கடல். தன்னையே நாலு அறை விடலாம் போலிருந்தது அவருக்கு.

அன்றைக்கு முழுக்க அவர் ஜவுளிக்காரரிடம் நின்று பேசவே இல்லை. அவர் "கேப்டன், நம்ம கரண்டியம்மா…" என்று ஆரம்பித்தாலே, "சார், அங்க பாருங்க பீரங்கி!" என்று கோட்டையைக் காட்டுவார். அவர் மறுபடி வாயைத் திறந்தால் கயிற்றைச் சரிசெய்ய ஓடுவார். அவிழாத கயிற்றையெல்லாம் அவிழ்த்து, கட்டிய கயிற்றையெல்லாம் மறுபடி கட்டினார். மனிதர் வாழ்க்கையில் அப்படி வேலை பார்த்ததே கிடையாது. ஆனாலும் எத்தனை நேரம் ஓடுவது? நாற்பதடிப் படகு அது.

மறுநாள் சாயங்காலம் கோட்டைக்குப் பின்பக்கம் நங்கூரம் போட்டிருந்தார்கள். அலையில்லாத இடம். மேல்தளத்து மேசையைச் சுற்றி நால்வரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மீன் குழம்பைக் கரண்டியால் எடுத்து எடுத்து அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். தம்பி மனைவிக்கு இப்போது உடம்பு தேறி, இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். எல்லோருக்கும் குஷி பிறந்துவிட்டது.

"கேப்டன், இன்னைக்கு விட மாட்டேன். என் தம்பி கேட்டதே இல்ல. அந்தக் கதையைச் சொல்லுங்க" என்றார் ஜவுளிக்காரர்.

"எல்லாம் மறந்துபோச்சு சார். வயசாகுதில்ல."

"அட, நீங்க மறந்தா என்ன? எனக்கு மனப்பாடம்!" என்று எழுந்தே விட்டார். "கேளுடா தம்பி. நம்ம கேப்டன் பாய் விரிச்சு ஜம்முனு வந்துகிட்டிருக்காரு. படகு நெறையக் காலேஜ் பொண்ணுங்க. விஷயம் எப்படியோ வீட்டம்மா காதுக்குப் போயிருச்சு. அவ்வளவுதான்! அடுப்புல இருந்ததை அப்படியே போட்டுட்டு, கரண்டியும் கையுமா ஓடி வருது அந்தம்மா. கால்ல செருப்பு இல்ல. தலை விரிஞ்சு கெடக்கு. கல்லு மேல ஏறி நின்னுகிட்டு, 'வாடா, இன்னைக்கு நீயா நானா பாத்துருவோம்'ங்குது. கேப்டன் தூரத்துலயே பாத்துட்டாரு. வேற ஊர் துறைமுகத்துக்குப் படகை விட்டுரலாமான்னு பாக்குறாரு!"

தம்பி மேசையைத் தட்டிச் சிரித்தான். கேப்டன் தன் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே அவள் அசையாமல் நிற்பது அவருக்குத் தெரிந்தது.

"இரு இரு, இனிமேதான் விஷயமே. இப்படிக் குடும்மா அதை" என்று ஜவுளிக்காரர் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். நேராகக் கேப்டனிடம் போய் அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். "எறங்கினாரா? கப்புனு புடிச்சா! 'எவடா அவ? சொல்லுடா, எவ அவ?' டங்கு டங்குனு கரண்டியால…" என்று கேப்டனின் தலைக்கு மேலே காற்றில் அடித்துக் காட்டினார். "வீடு வரைக்கும் காலரை விடவே இல்லையாம்டா! ஊரே வேடிக்கை பாத்துச்சாம்!"

நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் நீங்க கேப்டன்" என்றாள். கேப்டன் அசடு வழிய நின்றார். காலர் கசங்கியிருந்தது. அதைச் சரிசெய்யக் கை எழவில்லை.

ஜவுளிக்காரர் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். அப்புறம் கேப்டனைப் பார்த்து, சாதாரணமாக, அடுத்த வீட்டுச் சேதி விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க கேப்டன்? உங்களப் பாத்ததும்?"

"ஒண்ணும் சொல்லல" என்றார் அவர். குரல் கீழே போயிருந்தது. "அவளுக்குப் பேச்சே வரல."

"போன தடவை அப்படிச் சொல்லலையே நீங்க! பொளந்து கட்டினாங்கன்னு சொன்னீங்களே!" என்று ஜவுளிக்காரர் குறைபட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் விருந்தாளிகள் கோட்டைக்கு அடியில் நீந்தப் போயிருந்த நேரம் பார்த்துக் கேப்டன் கீழே இறங்கி வந்தார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் படியிறங்குவதற்குள் காணாமல் போயிற்று.

"இந்தா… கோவமா இருக்கியா?"

"காபி அடுப்புல இருக்கு கேப்டன். சூடா இருக்கும், பாத்து."

"இங்கதான் யாரும் இல்லையே. கேப்டன்னு கூப்பிடாத."

அவள் குழாயை மூடினாள். "நான் அன்னைக்கு ஓடியாந்ததை இது வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. கேண்டீன்ல எத்தனையோ பேரு கேட்டாங்க. நம்ம பொண்ணுகிட்டகூடச் சொல்லல. நீங்க ஊருக்கே சொல்லியிருக்கீங்க."

"சும்மா சிரிக்கத்தான்…"

"சொன்னதுகூடப் பரவால்லங்க. நான் கரண்டியோட ஓடியாந்தேன், காலரைப் புடிச்சேன், எல்லாம் சரி. எதுக்கு ஓடியாந்தேன்னு மாத்திட்டீங்களே. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கேப்டனுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும், சமாதானப்படுத்தவாவது ஒரு வழி கிடைத்திருக்கும். "தப்புதான்" என்றார். மேலும் என்னவோ சொல்ல வாயெடுத்தபோது மேலே ஈரக்கால் சத்தம் கேட்டது. அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

திரும்புகிற வழி முழுக்க அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஒரே யோசனையாக இருந்தார். எத்தனை படகுச் சவாரி, எத்தனை குடும்பம்! எத்தனை பேர் வீட்டுக்குப் போய் இந்தக் கதையைச் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருப்பார்கள்! அவர்களையெல்லாம் தேடிப் பிடித்து, அது பொய் என்று இனி சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் இந்த நாலு பேரிடம் சொல்லலாம். வேலை போகும். போகட்டும். இதற்குக்கூடத் துணியவில்லை என்றால் நானெல்லாம் ஒரு மனுஷனா என்று அவர் மனசு அவரைக் குத்திக் குடைந்தது.

படகுத்துறையில் மேனேஜர் பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தார். பழைய வாடிக்கை அல்லவா, நேரில் வழியனுப்ப வந்திருந்தார். பெட்டிகள் இறங்கின. ஜவுளிக்காரர் மனைவி தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பெரியவர்கள் போட்டுக்கொள்கிற நீச்சல் வளையம், மஞ்சளும் சிவப்புமாக.

"கேப்டன், இது உங்க வீட்டம்மாவுக்கு. தண்ணின்னா பயம்னு சொன்னீங்கள்ல? இதைப் போட்டு அடுத்த தடவை கட்டாயம் கூட்டிட்டு வாங்க. எனக்கு அவங்களப் பாக்கணும்னு ரொம்ப ஆசை."

கேப்டன் வளையத்தை வாங்கவில்லை. மேனேஜரை ஒரு தரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, காலிக் கூடையோடு நின்றிருந்த சமையல்காரம்மாவைக் காட்டினார்.

"அவகிட்டயே குடுத்துருங்கம்மா. இவதான் என் சம்சாரம்."

முதலில் சிரித்தவர் மேனேஜர்தான். அடுத்து ஜவுளிக்காரர் தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். "பாத்தியாடா? போகும்போதுகூட ஒண்ணு வச்சிருக்காரு பாரு!"

"நெசமாத்தாங்க. புயல்ல நான் செத்துட்டேன்னு நெனச்சு ஓடியாந்தா. சந்தேகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அடிக்கவும் இல்ல. நான்தான் பொய்யா ஜோடிச்சுச் சொல்லிட்டேன்" என்றார் கேப்டன். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"ஐயோ, மூஞ்சியப் பாருங்களேன், அழுவுற மாதிரியே!" என்று தம்பி மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிங்க இப்படி நடிக்கிறீங்க!"

கேப்டன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு முகமும் நம்பவில்லை. ஜவுளிக்காரர் மனைவிக்கு மட்டும் சின்னதாக ஒரு சந்தேகம். சமையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, நீ சொல்லு. நெசமா?" என்று கேட்டாள்.

அவள் கேப்டனைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள். அவள் அடுத்துச் சொன்னது அவர் வேலையைக் காப்பாற்றத்தானா, வேறு எதற்கா என்று கேப்டனுக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் தைரியம் வந்ததில்லை.

"இல்லீங்கம்மா. நான் அந்தம்மா இல்ல" என்றாள். "யாருக்கு என்ன ஆச்சுன்னாலும் நான் அப்படியெல்லாம் ஓடி வர்ற ஆளு கிடையாது. இனிமே ஓட மாட்டேன்."

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறித் தெருப்பக்கம் போனாள். பின்னாலேயே போக வேண்டும் என்று கேப்டன் ஒரு காலை எடுத்து வைத்தார். ஆனால் ஜவுளிக்காரர் அவர் தோளில் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷத்துக்கும் இதே கேப்டன்தான் வேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.